ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் முதல் அளவீடு: ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பை அளந்து பழகுவோம்

கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரைக் கற்றுக்கொள்ள வருபவருக்கு, தண்ணீரில் உள்ள இரும்பை அளப்பதைவிடப் பொருத்தமான முதல் வேலை இல்லை. வேண்டிய ரசாயனங்கள் பெரும்பாலான கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும். உருவாகும் நிறம் கண்ணுக்கே தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவி என்ன எண்ணைக் காட்டவேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கருவியை இயக்கப் பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். திரையில் வரும் எண்ணை எப்போது நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் நாளாகும். எதிர்பார்க்கும் எண் கையில் இல்லாதவருக்கு அது ஒருநாளும் தெரியாது.

கருவிக்குள் என்ன நடக்கிறது

விளக்கிலிருந்து வரும் வெள்ளை ஒளியை, நுண்ணிய கோடுகள் கீறிய கிரேட்டிங் என்ற தகடு நிறங்களாகப் பிரிக்கிறது. அதில் ஒரு குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் ஒரு பிளவு வெளியே விடுகிறது. அந்த ஒளி, கரைசல் இருக்கும் 1 செ.மீ. அகலமுள்ள கியூவெட் வழியாகச் சென்று உணர்வியில் விழுகிறது. கருவி உண்மையில் அளப்பது, எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்தது என்பதை மட்டுமே. அதை மடக்கையாக மாற்றித்தான் அப்சார்பன்ஸ் என்று காட்டுகிறது. பாதி ஒளி வந்தால் 0.30, பத்தில் ஒரு பங்கு வந்தால் 1, நூறில் ஒரு பங்கு வந்தால் 2. இந்த மூன்று எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், பிறகு உதவும்.

அப்சார்பன்ஸ், கரைசலின் செறிவுக்கும் ஒளி கடக்கும் தூரத்துக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். தூரத்தைப் பற்றிய பகுதியை 1729-இல் பியேர் புகேரும் 1760-இல் லாம்பர்ட்டும் சொன்னார்கள். செறிவைப் பற்றிய பகுதி 1852-இல் பீரிடமிருந்து வந்தது. ஆனால் விதி கையில் இருந்தும், அதை விரைவாகப் பயன்படுத்த நல்ல கருவி இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது 1941-இல் அமெரிக்காவில் ஆர்னால்ட் பெக்மனின் நிறுவனம் வெளியிட்ட டி.யு. மாடல். அதன் வடிவமைப்பில் ஹோவர்ட் கேரிக்குப் பெரும் பங்கு உண்டு. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க 1934-இல் பெக்மன் செய்த பி.எச். மீட்டரின் மின்பெருக்கிதான், ஒளி உணர்வியின் மிக மெல்லிய மின்னோட்டத்தைப் படிக்கவும் கைகொடுத்தது. கண்ணாடிப் பட்டகம் புற ஊதா ஒளியை விழுங்கிவிடும் என்பதால் அதற்குப் பதில் குவார்ட்ஸ் பட்டகம் வைத்தார்கள். அன்று வைட்டமின் ஏ அளவைக் கண்டுபிடிக்க விலங்குகளுக்குத் தீனி கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டி.யு. அதைச் சில நிமிட வேலையாக்கியது. டி.என்.ஏ.வில் அடினினும் தைமினும் சம அளவில் இருப்பதை எர்வின் சார்காஃப் கண்டறிந்ததும் புற ஊதா அளவீடுகளை வைத்துத்தான். இன்றைய கருவியில் பட்டகத்துக்குப் பதில் கிரேட்டிங், முள்ளுக்குப் பதில் திரை. அடிப்படை மாறவில்லை.

எதிர்பார்க்கும் எண்

இரும்பு இரண்டு நேர்மின் சுமையுடன் இருக்கும்போது, ஓர் இரும்பு அயனியைச் சுற்றி மூன்று 1,10-பினாந்த்ரோலின் மூலக்கூறுகள் பிணைந்து ஆரஞ்சு கலந்த சிவப்பு நிறம் தரும். அந்த நிறம் 510 நானோமீட்டரில் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும். அதன் மோலார் உறிஞ்சு கெழு, அதாவது லிட்டருக்கு 1 மோல் செறிவில் 1 செ.மீ. தூரத்துக்கான அப்சார்பன்ஸ், சுமார் 11,100. லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு என்பது 0.0000179 மோல். இரண்டையும் பெருக்கினால் 0.199. ஆக 1 செ.மீ. கியூவெட்டில் லிட்டருக்கு 1 மி.கி. இரும்பு ஏறக்குறைய 0.20 காட்டவேண்டும். இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

மாதிரி எடுப்பது

ஆழ்துளைக் கிணற்று நீர் மேலே வரும்போது தெளிவாக இருக்கும். வாளியில் நின்றால் பழுப்பேறும். காற்றுப் பட்டதும் கரைந்திருந்த இரும்பு ஆக்ஸிஜனேற்றமடைந்து துகளாகப் பிரிவதே காரணம். அமிலம் சேர்க்காமல் பாட்டிலில் கொண்டுவந்தால் இரும்பில் பெரும்பகுதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். மேலிருக்கும் தெளிந்த நீரை அளந்துவிட்டு இரும்பே இல்லை என்று எழுதிவிடுவீர்கள்.

அதனால் மோட்டாரை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியிருந்த நீரை வெளியேற்றிய பிறகே பிடியுங்கள். 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலில் முன்பே 1 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கட்டும். நிரப்பிய பின் பி.எச். தாளில் 2-க்குக் கீழ் காட்டுகிறதா என்று பாருங்கள். அதிகம் சேர்த்தால் நல்லது என்று எண்ணி அமிலத்தைத் தாராளமாக ஊற்றுவதும் தவறு. பிறகு சேர்க்கும் பஃபரால் (பி.எச். அதிகம் மாறாமல் காக்கும் கரைசல்) அதைச் சமாளிக்க முடியாமல் போகும்.

கரைசல்கள்

கண்ணாடிப் பொருட்கள் அனைத்தையும் சம அளவு நீரும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் கழுவுங்கள். துருப்பிடித்த ஸ்டாண்டும் கிளாம்பும் மேசை மேல் இருந்தால் அகற்றிவிடுங்கள். இந்த அளவீட்டில் துரு எங்கிருந்து வந்தாலும் விடையில் சேர்ந்துவிடும்.

ஹைட்ராக்சிலமீன் ஹைட்ரோகுளோரைடு 10 கிராமை நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். மூன்று நேர்மின் சுமையுள்ள இரும்பை இரண்டாகக் குறைப்பது இதன் வேலை. நச்சுப்பொருள், கையுறை கட்டாயம்.

பினாந்த்ரோலின் 100 மி.கி.யை 100 மி.லி. நீரில் போட்டால் எளிதில் கரையாது. இரண்டு சொட்டு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் கரையும், அல்லது 80 டிகிரி வரை சூடாக்கிக் கலக்கலாம். கொதிக்க விடாதீர்கள். கரைசலின் நிறம் கருத்தால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரியுங்கள். இதில் 1 மி.லி. 100 மைக்ரோகிராம் இரும்புக்கு மட்டுமே போதும்.

பஃபர்: 250 கிராம் அம்மோனியம் அசிட்டேட்டை 150 மி.லி. நீரில் கரைத்து, 700 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம் சேர்க்க வேண்டும். ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூடுக்குள்தான் செய்யவேண்டும். நல்ல தர அம்மோனியம் அசிட்டேட்டிலும் சிறிதளவு இரும்பு இருக்கும். எனவே பஃபர் புதிதாகத் தயாரிக்கும் ஒவ்வொரு முறையும் ஸ்டாண்டர்டு (செறிவு தெரிந்த கரைசல்) வரைபடத்தையும் புதிதாகப் போடுங்கள். போன மாதத்து வரைபடத்தை வைத்து ஓட்டுவது பல ஆய்வகங்களில் நடக்கிறது. நடக்கிறது என்பதால் அது சரியாகிவிடாது.

இரும்பு ஸ்டாண்டர்டு: ஒரு பீக்கரில் 50 மி.லி. நீர் எடுத்து, அதில் 20 மி.லி. அடர் கந்தக அமிலத்தை மெதுவாக விடுங்கள். அமிலத்தில் நீரை ஊற்றக்கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆறியதும் 0.7022 கிராம் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் ஹெக்ஸாஹைட்ரேட்டைக் கரைத்து 1 லிட்டராக்குங்கள். இது லிட்டருக்கு 100 மி.கி. இரும்பு. இதில் 10 மி.லி.யை 100 மி.லி. ஆக்கினால் லிட்டருக்கு 10 மி.கி. கொண்ட வேலைக் கரைசல் கிடைக்கும். அதை அன்றன்றைக்குத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

நிறம் உண்டாக்குதல்

1. ஆறு கூம்புக் குடுவைகளில் வேலைக் கரைசலை முறையே 0, 1, 2.5, 5, 10, 15 மி.லி. எடுத்து, ஒவ்வொன்றையும் நீரால் ஏறக்குறைய 50 மி.லி. ஆக்குங்கள். இரும்பு சேர்க்காத முதல் குடுவைதான் பிளாங்க். மற்றவற்றின் இறுதிச் செறிவு லிட்டருக்கு 0.2, 0.5, 1, 2, 3 மி.கி. என்றாகும். எதிர்பார்க்கும் அப்சார்பன்ஸ் 0.04, 0.10, 0.20, 0.40, 0.60.

2. ஏழாவது குடுவையில் நன்றாகக் குலுக்கிய மாதிரி நீரைத் துல்லியமாக 50 மி.லி. எடுங்கள். எட்டாவதிலும் அதே 50 மி.லி., கூடவே வேலைக் கரைசல் 5 மி.லி. இது சோதனைக்கான கூட்டல். பயன் பிறகு தெரியும்.

3. எல்லாவற்றிலும் 2 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 மி.லி. ஹைட்ராக்சிலமீன் கரைசல், இரண்டு கண்ணாடி மணிகள் போட்டு, 15 முதல் 20 மி.லி. ஆகும்வரை ஃபியூம் ஹூடில் கொதிக்க விடுங்கள். துகளாகிப்போன இரும்பு இந்தக் கட்டத்தில்தான் கரையும். பாலிபாஸ்பேட், நைட்ரைட் போன்ற இடையூறுகளும் இங்கேயே நீங்கும். வற்றிக் காய்ந்துபோக விடாதீர்கள்.

4. ஆறிய பின் 50 மி.லி. அளவுக் குடுவைக்கு மாற்றுங்கள். கூம்புக் குடுவையை இரண்டு முறை சிறிதளவு நீரில் அலசி அதையும் சேர்த்துவிடுங்கள். பிறகு பஃபர் 10 மி.லி., பினாந்த்ரோலின் 4 மி.லி. விட்டு, கோடு வரை நீர் நிரப்பி, மூடி, தலைகீழாகப் பலமுறை கவிழ்த்துக் கலக்குங்கள்.

5. குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். நிறம் அதன் பிறகு நீண்ட நேரம் மாறாது, அவசரம் வேண்டாம்.

கருவியில் வைத்துப் படித்தல்

கருவியை அளவீட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் முன்பே இயக்கிவிடுங்கள். விளக்கின் வெளிச்சம் நிலைப்பட அவ்வளவு நேரம் வேண்டும். 510 நானோமீட்டருக்கு டங்ஸ்டன் ஹாலஜன் விளக்கு போதும். புற ஊதாவுக்கான டியூட்டீரியம் விளக்கைத் தனியே அணைக்க உங்கள் கருவியில் வசதியிருந்தால் அணைத்துவிடுங்கள். அதன் ஆயுள் குறைவு, விலை அதிகம்.

கியூவெட் விஷயத்தில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். கண்ணாடியும் சாதாரண பாலிஸ்டைரீன் கியூவெட்டும் சுமார் 340 நானோமீட்டருக்கு மேல் சரி. அதற்குக் கீழே குவார்ட்ஸ் வேண்டும். இன்றைய வேலைக்குக் கண்ணாடியே போதும். சொரசொரப்பான இரு பக்கங்களை மட்டும் பிடியுங்கள். அளக்கப்போகும் கரைசலாலேயே இரண்டு முறை அலசிக் கொட்டிவிட்டு, முக்கால் பங்கு நிரப்புங்கள். விளிம்பு வரை நிரப்பினால் சிந்தி கருவிக்குள் இறங்கும், அமிலம் உலோகத்தை அரிக்கும். பளபளப்பான பக்கங்களை நார் உதிராத டிஷ்யூவால் ஒரே திசையில் துடையுங்கள். சட்டை நுனி, பஞ்சு, சாதாரண காகிதம் எதுவும் கூடாது. கியூவெட்டின் குறியீடு எப்போதும் ஒரே திசையைப் பார்க்கட்டும்.

இரண்டு கியூவெட் பயன்படுத்தினால், முதலில் இரண்டிலும் வெறும் நீரை ஊற்றி 510-இல் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 0.005-க்கு மேல் இருந்தால் கழுவிப் பாருங்கள். அப்போதும் போகாவிட்டால் அந்த ஜோடியை ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

இப்போது காய்ச்சி வடித்த நீரை வைத்து பூஜ்யம் செய்து, பிளாங்கை ஒரு மாதிரியைப் போலப் படியுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டி நேரே பிளாங்கை வைத்து பூஜ்யம் செய்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரசாயனங்களில் எவ்வளவு இரும்பு கலந்திருக்கிறது என்பது கண்ணில் படாமலே மறைந்துவிடும். நீருக்கு எதிராகப் பிளாங்க் 0.02-க்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு கரைசல் அல்லது குடுவை அசுத்தமாக இருக்கிறது என்று பொருள். சரியாக இருந்தால் பிளாங்கை வைத்து பூஜ்யம் செய்து தொடருங்கள்.

அடுத்து, லிட்டருக்கு 2 மி.கி. ஸ்டாண்டர்டை 400 முதல் 600 நானோமீட்டர் வரை ஸ்கேன் செய்யுங்கள். உச்சி 510-ஐ ஒட்டி வரவேண்டும். உச்சியில் அளப்பதற்குக் காரணம் உண்டு: அங்கே வளைவு தட்டையாக இருப்பதால் அலைநீளம் ஓரிரு நானோமீட்டர் பிசகினாலும் எண் அதிகம் மாறாது, சரிவில் அளந்தால் மாறும். உச்சி 515-க்கு அப்பால் போயிருந்தால் கருவியின் அலைநீளத்தைச் சந்தேகியுங்கள். ஹோல்மியம் ஆக்சைடு கண்ணாடி வடிகட்டி 536 நானோமீட்டருக்கு அருகே கூர்மையான உச்சி தரும். டியூட்டீரியம் விளக்கின் 656.1 நானோமீட்டர் கோட்டையும் சரிபார்க்கப் பயன்படுத்தலாம். எண்ணளவைச் சோதிக்க, 0.005 மோலார் கந்தக அமிலத்தில் லிட்டருக்கு 60 மி.கி. பொட்டாசியம் டைகுரோமேட் கரைத்துப் படியுங்கள். 350 நானோமீட்டரில் சுமார் 0.64 வரவேண்டும். அதற்கு டியூட்டீரியம் விளக்கும் எரிந்துகொண்டிருக்கட்டும், அந்த எல்லைக்கருகில்தான் பல கருவிகள் விளக்கை மாற்றுகின்றன.

ஸ்டாண்டர்டுகளைக் குறைந்த செறிவிலிருந்து கூடிய செறிவுக்குப் படியுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை, கியூவெட்டை வெளியே எடுத்துத் திரும்ப வைத்துப் படிக்கவேண்டும். வைத்த இடத்திலேயே பட்டனை மூன்று முறை அழுத்துவது கருவியைச் சோதிப்பதாகும், உங்கள் கையைச் சோதிப்பதாகாது.

கணக்கு

செறிவைக் கிடை அச்சிலும் அப்சார்பன்ஸைச் செங்குத்து அச்சிலும் வைத்து நேர்கோடு போடுங்கள். சாய்வு 0.198 என்றும் மாதிரியின் அப்சார்பன்ஸ் 0.317 என்றும் வைத்துக்கொண்டால், விடை லிட்டருக்கு 1.60 மி.கி. 0.3 மி.கி.யைத் தாண்டினாலே வெள்ளைத் துணியில் கறை பிடிக்கத் தொடங்கும் என்பதால் இது கணிசமான அளவு. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட எக்செல் தரும் ஆர்-ஸ்கொயர் 0.999 என்று வந்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எல்லா ஸ்டாண்டர்டிலும் ஒரே விகிதத்தில் தவறு செய்திருந்தாலும் கோடு நேராகத்தான் வரும். சாய்வு 0.20-ஐ ஒட்டி இருக்கிறதா என்பதே பார்க்கவேண்டியது. 0.10 வந்தால் நீர்த்தலில் பாதிக்குப் பாதி பிசகு என்று உடனே தெரியும்.

கூட்டல் சேர்த்த எட்டாவது குடுவை, இறுதியில் ஏழாவதைவிட லிட்டருக்கு 1.0 மி.கி. அதிகம் காட்டவேண்டும். 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் வந்தால் நல்லது. 0.6 வந்தால் மாதிரியிலுள்ள ஏதோ ஒன்று நிறத்தைத் தடுக்கிறது. இந்த ஒரு குடுவையைத் தவிர்த்துவிட்டுக் கொடுக்கும் அறிக்கைக்கு மதிப்பு பாதிதான்.

எங்கே பிசகும்

நிறமே வரவில்லை, அல்லது மிக மங்கல்: பெரும்பாலும் அமிலம் அதிகமாகியிருக்கும். கலவையின் பி.எச். 3-ஐ ஒட்டி இருக்கவேண்டும். 2 மி.லி. அமிலத்தை 10 மி.லி. பஃபர் தாங்கும், 3 மி.லி. ஆகிவிட்டால் அசிட்டேட் முழுதும் தீர்ந்துபோகும். ஹைட்ராக்சிலமீனை மறந்திருந்தாலும் இதே அறிகுறிதான்.

எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது: ஒன்று நிறம் முழுதாக உண்டாகவில்லை, இல்லையேல் விளக்கு நிலைப்படவில்லை. பிளாங்கைத் திரும்ப வைத்துப் பாருங்கள். அதுவும் நகர்ந்தால் விளக்கு.

எண் குதிக்கிறது: கியூவெட் சுவரில் குமிழி இருக்கும். ஏ.சி. அறையில் குளிர்ந்த கரைசலை எடுத்துச் சூடான கருவியில் வைத்தால் கரைந்திருந்த காற்று குமிழியாகும். கரைசலை அறை வெப்பநிலைக்கு வரவிட்டு, கியூவெட்டை மெல்லத் தட்டுங்கள். கியூவெட்டின் வெளிப்புறத்தில் நீர் பனித்திருந்தாலும் இதே கோளாறுதான்.

உயர் செறிவில் கோடு வளைகிறது: இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, பினாந்த்ரோலின் தீர்ந்துபோவது. 4 மி.லி. கரைசல் 400 மைக்ரோகிராம் இரும்புக்குப் போதும், அதாவது 50 மி.லி.யில் லிட்டருக்கு 8 மி.கி. வரை. இரண்டாவது, கருவிக்குள் அலையும் தேவையற்ற ஒளி. உணர்விக்கு 0.5 சதவீதம் அப்படிப்பட்ட ஒளி போகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையான அப்சார்பன்ஸ் 1 என்றால் கருவி 0.98 காட்டும், பெரிய இழப்பில்லை. உண்மை 2 என்றால் வந்துசேரவேண்டியதே 1 சதவீதம்தான், அதன்மேல் அரை சதவீதம் கூடிவிட, கருவி 1.83 காட்டும். அதனால்தான் 0.1-க்கும் 0.8-க்கும் இடையில் வேலையை வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். மாதிரி அதைத் தாண்டினால் அமிலம் சேர்ப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே குறைந்த அளவு மாதிரியை எடுத்து நீரால் 50 மி.லி. ஆக்கி, முதலிலிருந்து செய்யுங்கள். நிறம் வந்த கரைசலை நீர் விட்டு நீர்த்தால் தீர்ந்துபோன பினாந்த்ரோலின் திரும்பி வராது.

மாதிரிக்கே பழுப்பு நிறம் இருக்கிறது, அல்லது கலங்கல்: பினாந்த்ரோலின் மட்டும் சேர்க்காத ஒரு குடுவையைக் கூடவே தயாரித்து, அதன் அப்சார்பன்ஸைக் கழித்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கியூவெட்டை நீரில் பலமுறை அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். பிரஷ் போட்டுத் தேய்க்கக்கூடாது. மிச்சமான கரைசல்களைத் தொட்டியில் கொட்டாமல் அமிலக் கழிவுப் புட்டியில் சேருங்கள்.

உயிரியல் மாதிரிகளுக்குப் போகும்போது

இதே கருவியில் டி.என்.ஏ. அளக்க ரசாயனம் எதுவும் வேண்டாம். 260 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் 1 என்றால் இரட்டை இழை டி.என்.ஏ. ஒரு மி.லி.யில் 50 மைக்ரோகிராம், ஆர்.என்.ஏ. என்றால் 40. குவார்ட்ஸ் கியூவெட் கட்டாயம், டியூட்டீரியம் விளக்கும் எரியவேண்டும். 260-இன் எண்ணை 280-இன் எண்ணால் வகுத்தால் தூய டி.என்.ஏ.வுக்கு 1.8-ஐ ஒட்டி வரும். குறைந்தால் புரதமோ ஃபீனாலோ கலந்திருக்கிறது. இந்த விகிதம் டி.என்.ஏ. உடையாமல் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்கு ஜெல்லில் ஓட்டித்தான் பார்க்கவேண்டும்.

புரதத்துக்கு 1976-இல் மரியன் பிராட்ஃபோர்ட் வெளியிட்ட முறையில் நீலச் சாயத்தை 595 நானோமீட்டரில் படிப்பார்கள். அந்தச் சாயம் குவார்ட்ஸில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது, அதற்கு மலிவான பிளாஸ்டிக் கியூவெட்டே சிறந்தது. ஒவ்வொரு புரதமும் சாயத்தை ஒவ்வோர் அளவில் பிடிக்கும் என்பதால் எந்தப் புரதத்தை ஸ்டாண்டர்டாக வைத்தீர்கள் என்று முடிவோடு சேர்த்து எழுதவேண்டும். மாதிரியில் எஸ்.டி.எஸ். போன்ற சோப்புப்பொருள் இருந்தால் இந்த முறையே வேண்டாம்.

பாக்டீரியா வளர்ச்சியை 600 நானோமீட்டரில் பார்ப்பதும் உண்டு. அங்கே ஒளி உறிஞ்சப்படுவதில்லை, செல்களில் பட்டுச் சிதறுகிறது. சிதறிய ஒளியில் எவ்வளவு உணர்வியில் விழும் என்பது ஒவ்வொரு கருவியின் அமைப்பைப் பொறுத்தது. ஒரே குடுவைக் கல்ச்சர் ஒரு கருவியில் 0.6-ம் பக்கத்து அறைக் கருவியில் 0.8-ம் காட்டினால் இரண்டுமே பழுதில்லை. ஒரு பரிசோதனை முழுவதையும் ஒரே கருவியில் முடியுங்கள். 0.4-ஐத் தாண்டியதும் அதே ஊடகத்தால் நீர்த்துப் படித்து, நீர்த்த அளவால் பெருக்கிக்கொள்ளுங்கள்.